கூடைக்கு வழி விடுக!

2020 ஜூன் 5ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. விவசாயி தன் விளைபொருளை நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டு போகலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், அவனுக்கு இன்றுதான் விடுதலை கிடைத்தது என்று மந்திரிகள் முரசறைந்தார்கள்.

அதே ஜூன் 19ந் தேதி சென்னையிலும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களின் பல பகுதிகளிலும் முழு ஊரடங்கு அமுலுக்கு வந்தது. காய்கறி, மளிகை வாங்க வேண்டுமானால் 2 கிலோ மீட்டருக்குள் வாங்கிக் கொள்ள வேண்டும். வண்டியில் போகக் கூடாது, நடந்துதான் போக வேண்டும் என்பது மாநில சர்க்காரின் உத்தரவு.

இரண்டுக்கும் இடையே பதினான்கே நாட்கள்! விற்கிறவனுக்கு இந்தியா முழுவதும் திறந்திருக்கிறதாம். வாங்குகிறவள் மட்டும் 2 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாதாம். அப்படியானால் பூந்தமல்லிக்கு அப்பால் கீரை போட்டவனும், வடபழனியில் கீரை வாங்கிச் சமைக்கிறவளும் எங்கேதான் சந்திப்பது?

இந்தக் கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. இன்றும் கிடைக்கவில்லை. முடிந்து போன கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கக் கூடும். கொள்ளை நோய் மறுபடி வராது என்று எந்த மந்திரியும் நமக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. வெள்ளம் வரலாம், தடையுத்தரவு வரலாம். வருகிற அன்றைக்கு அதிகாரிகள் புதிதாக யோசிக்கப் போவதில்லை. பீரோவில் கிடக்கும் பழைய உத்தரவைத் தூசி தட்டி எடுத்து, தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே இப்போதே, அமைதியான காலத்திலேயே, இதைப் பேசித் தீர்த்துக் கொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நோய் உண்மை, சாவு உண்மை. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்பதும் உண்மை. ஊரடங்கே கூடாது என்று நாம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் தகராறு கிடையாது. கட்டுப்பாடு யாரைக் கட்டியது, யாரை அவிழ்த்து விட்டது என்பதுதான் நம்முடைய கேள்வி.

2020 மார்ச் 24ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடே அடைப்பு என்றார். 130 கோடி மக்களுக்கு நான்கு மணி நேர அவகாசம்! அன்றைய தினமே உள்துறை அமைச்சகம் வெளியிட்ட உத்தரவில் விதிவிலக்குகள் வரிசையாக இருந்தன. உணவுப் பொருள் கடைகளுக்கு விலக்கு இருந்தது. பெரிய கம்பெனிகள் இணையத்தின் மூலம் உணவுப் பொருளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பதற்கும் விலக்கு இருந்தது. வயலில் விவசாயம் செய்வதற்கு விலக்கு எங்கே? அந்த உத்தரவில் இல்லை! விவசாய வேலையும், விவசாயத் தொழிலாளியும், விளைபொருள் மார்க்கெட்டும் விலக்குப் பட்டியலில் ஏறியது மார்ச் 27ந் தேதி வெளியான பிற்சேர்க்கையில்தான். மூன்று நாட்கள் கழித்து சர்க்காருக்கு நினைவு வந்தது, சோறு வயலில் விளைகிறது என்று.

சரி, காகிதத்தில் விலக்குக் கிடைத்து விட்டது. சாலையில் என்ன நடந்தது?

கொள்ளிடத்தின் மேல் ஒரு பாலம். வடகரை அரியலூர் ஜில்லா, தென்கரை தஞ்சாவூர் ஜில்லா. வடகரைப் படுகையில் கத்தரி, வெண்டை, கீரை, வாழை எல்லாம் உண்டு. வெள்ளைக்காரன் காலம் முதல் அந்தக் காய்கறி தென்கரைக்கு வந்துதான் விலையாகும். விடியற்காலை முதல் பஸ்ஸில் கூடைகள் ஏறும். மேற்கூரையில் வாழைத்தார், உள்ளே கீரைக்கட்டு, கண்டக்டருக்கு லக்கேஜ் காசு, கூடவே நாலு வசவு. இதுதான் ஏழைகளின் உணவுப் போக்குவரத்து. லாரியும் இல்லை, குளிர்சாதனக் கிடங்கும் இல்லை.

மார்ச் 24ந் தேதி மாலையோடு பஸ் நின்றது. பாலத்தின் நடுவே இரும்புத் தடுப்பு வந்தது. ஜில்லா விட்டு ஜில்லா போகப் பாஸ் வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் நிவாரணச் சமையலுக்குக் காய் வாங்கி வருவதற்காக நாமும் அந்தப் பாலத்துக்குப் போனோம். தலையில் கீரைக் கூடையோடு நடந்து வந்த ஒரு அம்மாளைத் தடுப்பில் நிறுத்தினார்கள்.

"ஏம்மா, பாஸ் எங்கே?"

"பஸ்ஸுதான் ஓடலியே சாமி, நடந்துதான் வாரேன்."

போலீஸ்காரர் சிரித்து விட்டார். ஆனால் விடவில்லை. வெயில் ஏறியது. கீரை எவ்வளவு நேரம் தாங்கும்? பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரம் கூடையை இறக்கி, வாடிய கட்டுகளை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டு விட்டு, வெறுங் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக் கொண்டு அந்த அம்மாள் திரும்பி நடந்தார். தென்கரையில் அன்று மாலை கீரைக்கட்டு விற்ற விலையை ஊரே பேசிற்று.

அந்தப் பாஸை எப்படி வாங்குவது? இணையத்தில் மனுச் செய்ய வேண்டும். கல்யாணம், சாவு, அவசர வைத்தியம் என்று காரணம் காட்டினால்தான் பாஸ் என்றார்கள். கீரை விற்கப் போகிறேன், கத்தரிக்காய் வாங்கப் போகிறேன் என்று எழுத அதில் இடம் ஏது? பிறகு ஆகஸ்ட் 17ந் தேதி முதல் ஆதாரையோ ரேஷன் கார்டையோ காட்டி மனுச் செய்தால் உடனே பாஸ் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 1ந் தேதி முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்று விட்டு விட்டார்கள். ரேஷன் கார்டு போதும் என்பதைக் கண்டு பிடிக்க சர்க்காருக்கு ஐந்து மாதம் பிடித்தது. கீரைக்கு ஆயுள் ஒரு பகல்!

சரக்கு வாகனங்களுக்குத் தடையில்லையே என்று அதிகாரிகள் வாதாடுவார்கள். உண்மைதான், தடையில்லை. ஆனால் சரக்கு வாகனம் என்றால் அவர்கள் கண்ணுக்கு லாரி தெரிந்தது, டெம்போ தெரிந்தது. டி.வி.எஸ். 50ல் பின்னால் இரண்டு சாக்கு வெண்டைக்காய் கட்டிக் கொண்டு வருகிறவன்? அவன் 'அநாவசியமாக ஊர் சுற்றுகிறவன்'! சைக்கிளில் பையை மாட்டிக் கொண்டு வயல் ஓரம் வாங்கப் போகிற நெசவாளி? அவனும் ஊர் சுற்றுகிறவன்! ஒரே காய், ஒரே சாலை. நூறு மூட்டையாகப் போனால் அத்தியாவசியப் பொருள். இரண்டு சாக்காகப் போனால் குற்றம். சட்டத்தின் எழுத்தில் வர்க்கம் எப்படி ஒளிந்து கொள்கிறது என்று வாலிபத் தோழர்கள் கேட்டால், இந்த டி.வி.எஸ். 50ஐக் காட்டி விளக்கலாம்.

வடகரையில் விலை பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் விழுந்தது. செடியிலேயே முற்ற விட்டார்கள். வாழைத் தோப்பில் தார் மரத்திலேயே பழுத்துக் காக்கைக்கு இரையாயிற்று. தென்கரையில், அரைக் கிலோ வாங்கி வந்த வீடுகள் கால் கிலோவுக்கு இறங்கின. நடுவில் இருந்தது ஒரு பாலம், ஒரு தடுப்பு. அந்த இடைவெளியில் லாபம் அடித்தவன் எவன் என்று கேட்டால், பாஸ் வாங்கத் தெரிந்தவன், வண்டி வைத்திருந்தவன் என்பதுதான் விடை.

நோயைத் தடுக்கத்தானே இவ்வளவும் என்கிறார்களா? கோயம்பேட்டைப் பார்ப்போம்.

2020 ஏப்ரல் 24ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. 26ந் தேதி முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாளும், சேலம், திருப்பூரில் மூன்று நாளும் முழு அடைப்பு. மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் இருந்தது ஒரே நாள். 25ந் தேதி ஜனங்கள் என்ன செய்வார்கள்? அடுப்பெரிய வேண்டிய எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு ஓடினார்கள். கோயம்பேட்டில் தோளோடு தோள் இடித்த கூட்டத்தை நாடே படத்தில் பார்த்தது. பத்து நாளில், மே 5ந் தேதி, அந்த மார்க்கெட்டே மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளிகள் அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் போயிற்று. அந்தத் தொழிலாளிகளை ஏதோ பாவம் செய்தவர்களைப் போல் சில பத்திரிகைகள் எழுதின! அவர்களைக் கூட்டத்துக்குள் தள்ளிய உத்தரவைப் பற்றி அந்தப் பத்திரிகைகளுக்கு மூச்சு இல்லை.

சர்க்கார் தூரத்தை அளந்தது, நெரிசலை அளக்கவில்லை. ஐந்து மைல் சைக்கிள் மிதித்துப் போய், திறந்த வெளியில், வயல் வரப்பில் நின்று, ஒரு விவசாயியிடம் ஒரு பை காய் வாங்குகிறவன் எத்தனை பேர் மூச்சுக் காற்றைச் சுவாசிக்கிறான்? வீட்டுக்கு அரை மைலில் உள்ள ஒரே கடை வாசலில் 2 மணிக்குள் வாங்கியாக வேண்டும் என்று முண்டியடிக்கிறவன் எத்தனை பேரோடு இடிபடுகிறான்? கணக்குப் போட டாக்டர் பட்டம் தேவையில்லை.

இது நம் நாட்டு அதிகாரிகளின் தனிப் புத்தி என்றும் நினைத்து விட வேண்டாம். பிரான்ஸ் தேசத்தில் 2020 மார்ச் கடைசியில் திறந்த வெளிச் சந்தைகளை மூட உத்தரவிட்டார்கள். நாலு சுவருக்குள் இயங்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்தே இருந்தன. அங்கேயும் விவசாயிகள் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். உள்ளூர் மேயர் கேட்டுக் கொண்டால் அதிகாரி பார்த்து அனுமதிக்கலாம் என்று ஒரு சந்து வைத்திருந்ததால் அங்கே பல சந்தைகள் பிழைத்தன. நம் பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரமும் கிடையாது.

மக்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் பெருமுதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 22ந் தேதி, நாடே முடங்கியிருந்தபோது, அமெரிக்க ஃபேஸ்புக் கம்பெனி அம்பானியின் ஜியோவில் 43,574 கோடி ரூபாய் போடுவதாக அறிவித்தது. தெருமுனை மளிகைக் கடையை வாட்ஸ்அப் மூலம் ஜியோமார்ட்டோடு கோர்ப்பது அவர்கள் பகிரங்கமாகச் சொன்ன திட்டங்களில் ஒன்று. அடுத்த மாதமே ஜியோமார்ட் 200 நகரங்களில் கடை விரித்தது. கூடைக்காரிக்குப் பாலத்தில் தடுப்பு, கம்பெனிக்கு ராஜபாட்டை. நோயை இவர்கள் உண்டாக்கவில்லைதான். ஆனால் சந்தையில் இருந்த போட்டிக்காரனைப் போலீஸ் வீட்டுக்கு அனுப்பி விட்டால் வியாபாரம் எவ்வளவு சுலபம்!

பிறகு ஜூன் 5ந் தேதி அவசரச் சட்டங்கள். மேலே சொன்ன 'விடுதலை' அதுதான். மூன்று சட்டங்களும் செப்டம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறின. அன்று தமிழ்நாட்டை ஆண்ட கட்சி லோக்சபையில் கைதூக்கி ஆதரித்தது. பஞ்சாப், அரியானா விவசாயிகள் அந்தச் சுதந்திரத்தின் அர்த்தத்தை நன்றாகப் புரிந்து கொண்டார்கள். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டம் போட்ட அதே கட்சியின் ஆட்சி, 2020 நவம்பரில் அவர்கள் டில்லிக்குப் புறப்பட்டதும் சாலையை வெட்டிப் பள்ளம் பறித்தது, தண்ணீர்ப் பீரங்கி வைத்து அடித்தது, பின்னர் சாலையில் ஆணி பதித்தது! ஓராண்டு அவர்கள் எல்லையிலேயே குந்தியிருந்தார்கள். 2021 நவம்பர் 19ந் தேதி பிரதம மந்திரி வாபஸ் என்றார். 29ந் தேதி பார்லிமெண்டு அதை நிறைவேற்றியது.

தடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூன் 19ந் தேதி, ஆம், சென்னையில் 2 கிலோ மீட்டர் உத்தரவு அமுலுக்கு வந்த அதே தினம், சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரையும் போலீசார் பிடித்துச் சென்றார்கள். குறித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். நான்கு நாட்களுக்குள் இருவரும் பிணமானார்கள். அந்தக் கொடுமை உலகத்துக்குத் தெரிந்தது. தெரியாமல் போன அடிகள் எத்தனை! தோப்புக்கரணம், தவளைப் பாய்ச்சல், சைக்கிள் காற்றைப் பிடுங்கி விடுவது, காய்கறிப் பையைச் சாலையில் கொட்டுவது... இவையெல்லாம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?

ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் போடப்பட்ட வழக்குகள் சுமார் 10 லட்சம். 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கி வந்த சமயத்தில், வன்முறை, பாஸ் மோசடி போன்றவை நீங்கலாக இந்த வழக்குகளைக் கைவிடுவதாக அன்றைய முதல் மந்திரி அறிவித்தார். நல்லது, வரவேற்றோம். ஆனால் பத்து லட்சம் பேர் மீது போட்ட வழக்கை ஒரே மேடையில் கைவிட முடியுமானால், அவற்றில் பெரும்பகுதி போட்டிருக்கவே தேவையில்லாத வழக்கு என்றுதானே பொருள்? அபராதம் கட்டியவன் கதி என்ன? ஸ்டேஷன் வாசலில் வாரக்கணக்கில் வெயிலில் நின்ற டி.வி.எஸ். 50க்கும், அந்த வாரங்களில் வயலிலேயே அழுகிய காய்க்கும் பதில் சொல்வது யார்?

வேறு வழி இருக்கவில்லை என்று சொல்வார்கள். இருந்தது. கேரளத்தில் அன்றைய இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் ரேஷன் கார்டு உள்ள சுமார் 87 லட்சம் குடும்பங்களுக்கும் மளிகைப் பை கொடுத்தது. குடும்பஸ்ரீ பெண்களும் உள்ளாட்சிகளும் சேர்ந்து சமூகச் சமையற்கூடம் நடத்தினார்கள். ஹார்ட்டிகார்ப் என்ற சர்க்கார் நிறுவனம் விவசாயிகளிடம் காய்கறியும் அன்னாசியும் கொள்முதல் செய்தது. விளைவிக்கிறவனுக்கும் உண்கிறவனுக்கும் நடுவில் சர்க்கார் பாலமாக நின்றது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தார்கள். சந்தைகளைப் பஸ் ஸ்டாண்டுக்கும் மைதானத்துக்கும் மாற்றினார்கள். திருச்சியில் காந்தி மார்க்கெட்டை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். 2021 மே 24 முதல் ஜூன் 7 வரை தளர்வு இல்லாத ஊரடங்கு வந்தபோது, தோட்டக்கலை இலாகாவும் உள்ளாட்சிகளும் வண்டியில் காய்கறி ஏற்றித் தெருத் தெருவாக அனுப்பின. நல்ல யோசனை, தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் அந்த வண்டியில் யாருடைய காய் ஏறும், என்ன விலைக்கு வாங்கப்படும் என்பதை நிர்ணயிக்கும் இடத்தில் விவசாயி உட்கார்ந்திருந்தானா? தெருவில் காலமெல்லாம் கூடை சுமந்த பெண்ணுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையாவது கிடைத்ததா?

நம்மிடமும் குறை உண்டு. அதை மறைப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. முதல் சில வாரங்கள் நாமும் வசூல் செய்து, மொத்தக் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கிப் பை போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தோம். மூன்று மைல் தள்ளி நம் விவசாயச் சங்க உறுப்பினரின் கத்தரிக்காய் மாட்டுக்குப் போய்க் கொண்டிருந்தது. விவசாயச் சங்கம் ஒரு பக்கம், நிவாரணக் குழு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு டெலிபோன் கூடப் பேசப்படவில்லை. பிற்பாடுதான் வயலிலேயே எடை போட்டு வாங்கினோம். வாலிபர்கள் தடுப்புப் போட்ட பாலத்தை விட்டு விட்டு, கோடையில் வறண்டு கிடந்த ஆற்று மணலில் மூட்டையைச் சுமந்து கடந்தார்கள். (அது சட்ட விரோதமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.) முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.

இனி ஒரு ஊரடங்கு வருமானால் என்ன செய்ய வேண்டும்? கோரிக்கை கடினமானதல்ல. விளைவித்தவரிடம் போய் வாங்குவதும், விளைவித்ததைத் தலையிலோ சைக்கிளிலோ மொபெட்டிலோ கொண்டு போய் விற்பதும், லாரிக்கும் கம்பெனிக்கும் உள்ள அதே விலக்கைப் பெற வேண்டும். உத்தரவின் முதல் நாளிலேயே, எழுத்தில், தமிழில், ஒவ்வொரு தடுப்பிலும் ஒட்டப்பட வேண்டும். தூரம் குறிப்பதானால் வாங்குகிறவர் வாசலிலிருந்து கோடு போடாமல், பக்கத்துச் சந்தையும் வயலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஆற்றின் நடுவே ஜில்லா எல்லை ஓடுகிறது என்பதற்காக அக்கரைக் காய் அந்நிய நாட்டுச் சரக்காகி விடாது. ரேஷன் கார்டும் உழவர் சந்தை அட்டையுமே பாஸ் என்று அறிவிக்க வேண்டும். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே, விவசாயியின் கூடை பஸ்ஸில் ஏறி வந்தால்தான் சந்தை நடக்கும் என்பது சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை அடைப்பு வந்தாலும் விடியற்காலை ஒரு நடை பஸ், இடைவெளி விட்டு உட்கார்ந்து, கூடையோடு வருகிறவர்களுக்காக ஓட வேண்டும். சென்னைப் புறநகர் ரயிலில் வெண்டர் பெட்டிக்கும் அதே நியாயம். சந்தை எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்பதைப் பஞ்சாயத்தும், விவசாயச் சங்கமும், தெரு வியாபாரிகளும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். போலீஸ் ஸ்டேஷன் முடிவு செய்ய வேண்டாம்.

விவசாயச் சங்க, தெரு வியாபாரிகள் சங்கத் தோழர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். நிறைவேறிய தீர்மானத்தின் நகலைக் கலெக்டருக்கு ஒன்றும், நமது பத்திரிகைக்கு ஒன்றும் அனுப்பி வையுங்கள். வருகிற தீர்மானங்களை ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம். கொள்ளிடத்தின் இரு கரையிலும் உள்ள கிராமங்கள் முதலில் தொடங்கட்டும்.